வாயிலம்மாவின் மூன்றெழுத்து

இங்கிலீஷ்ல அந்த மெஷின் பேசுறப்போ அதோட விளக்கு அஞ்சு தடவை மின்னும். நாலு கிடையாது, ஆறு கிடையாது. அஞ்சு. இருபத்திமூணு வருஷம் எனக்குச் சோறு போட்டதும் அந்த அஞ்சுதான், கடைசியில வேலையை விட்டுத் தூக்கினதும் அதுதான். அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நான் சவரிமுத்து. டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுறவன். வேத்து மொழிக்காரன் வாயைத் திறந்தா, அந்தத் திறப்புக்குள்ள தமிழைத் திணிக்கிறது என் தொழில். அவன் உதட்டைக் குவிச்சா நான் "போ"ன்னுதான் எழுதணும். கதைப்படி அவன் "நில்லு"ன்னு சொல்றானேன்னு கேட்டா, அது கதையோட தலையெழுத்து.

"ஒன்பதாம் துறைமுகம்"னு ஒரு விண்வெளிப் படம். சனிக்கிரகத்துக்குப் பக்கத்துல ஒரு நிலையம், அங்கே கப்பல்கள் வந்து சேரும். முதல் பாகம் வந்தப்போ இத்தனை பாகம் வரும்னு எவனுக்குத் தெரியும்? நிலையத்தோட கதவுகளைப் பார்த்துக்க ஒரு மெஷின். அதுக்கு முகம் கிடையாது, கை கால் கிடையாது. சுவத்துல ஒரு மஞ்சள் விளக்கு, வெளிக்கதவு ஒண்ணு, உள்கதவு ஒண்ணு. மொத்த ஆளே அவ்வளவுதான். யார் வந்து இறங்கினாலும் வருகை பதிவாயிடுச்சுன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லும். அசைக்கு ஒரு தடவை விளக்கு மின்னும்.

"வருகை பதிவானது"ன்னு போட்டா எட்டு. "வருகை பதிவு"ன்னு வெட்டினா ஆறு. "வந்தாச்சு"ன்னு போட்டேன், மூணுலயே முடிஞ்சிடுச்சு. மிச்சம் ரெண்டு மின்னல் அநாதையா நிக்குது. உதடா இருந்தா ஒரு இருமல், ஒரு பெருமூச்சு வச்சு ஒப்பேத்தலாம். விளக்கு எங்கே இருமும்?

அந்த மெஷினுக்குக் குரல் கொடுக்க வந்தவங்க வசந்தமணி. கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க. அப்போ முப்பது வயசு இருக்கும். நான் பேப்பரைக் கசக்கிக் கசக்கிப் போடுறதை மைக்குக்குப் பின்னாடியிருந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"ஏனுங்கண்ணா, இன்னும் ரெண்டுதானுங்களே வேணும்? நீங்க ஓட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

ஓட்டினோம். விளக்கு மின்னுச்சு. "வந்தாச்சா கண்ணு?"

அஞ்சும் அச்சா உக்காந்துடுச்சு. எனக்குத்தான் மனசு ஒப்பல. "ஏம்மா, மெஷின் போய் யாரையாவது கண்ணுன்னு கூப்பிடுமா?"ன்னு கேட்டேன்.

"எங்கூர்ல இப்படித்தானுங்க கேப்போம். கதவத் தொறந்து உடறவ வேற எப்படிக் கேப்பா?"

டப்பிங் தியேட்டரை ஒரு மணிக்குக் காலி பண்ணியாகணும். சரி போகட்டும்னு ஓகே சொல்லிட்டேன். என் வாழ்க்கையில நான் யோசிக்காம செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான்.

மத்த நாட்டுல அந்த மெஷினை யாரும் கண்டுக்கல. லிஃப்டை யாராவது காதலிப்பாங்களா? ஆனா நம்ம ஜனம் அதுக்கு வாயிலம்மான்னு பேர் வச்சிடுச்சு. ஆட்டோ முதுகுல "வந்தாச்சா கண்ணு?"ன்னு ஸ்டிக்கர். குழந்தைங்க பிறந்தநாள் கேக்குல மஞ்சள் விளக்கு. வசந்தமணி பஸ்ல வாயைத் திறந்து டிக்கெட் கேட்டா போச்சு, முன் சீட்டுலேர்ந்து பத்து தலை திரும்பும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில நர்ஸ் பொண்ணு ஊசியைக் கையில வச்சிக்கிட்டு, "அம்மா, ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா, அப்புறம் குத்துறேன்"னு நின்னிருக்கு. வசந்தமணியும் சொல்லியிருக்காங்க. யார் கேட்டாலும் சொல்லிடுவாங்க, அலுத்துக்கவே மாட்டாங்க.

அப்புறம் ரசிகர் படங்கள். உலகம் பூரா ரசிகர்கள் இந்தக் கதையை வச்சுத் தாங்களே படம் எடுத்துப் போடுறாங்க, கம்பெனி அதுக்கு அனுமதி கொடுத்திருக்கு, வாயிலம்மா குரலைக்கூடப் படத்துலேர்ந்து எடுத்து ஒட்டிக்கலாம். வெளிநாட்டுக்காரன் எடுத்தா கப்பலும் கப்பலும் மோதும். நம்ம ஆளுங்க எடுக்கிற படத்துல சண்டையே இருக்காது. யாரோ ஒருத்தர் எங்கேயோ அடிபட்டு, அலைஞ்சு திரிஞ்சு வருவாங்க. வாயிலம்மா கதவைத் திறக்கும். கேட்கும். படம் முடிஞ்சிடும். அதுல பவானியில பூங்கோதைன்னு ஒரு பொண்ணு நடத்துற குழு எடுக்கிற படங்களை நான் ஒண்ணு விடாமப் பார்ப்பேன். வசந்தமணிகிட்டகூடச் சொன்னதில்லை. அறுபது வயசு ஆளு செல்போனைப் பார்த்து மூக்கை உறிஞ்சுறான்னு தெரிஞ்சா மானம் போயிடும்.

இனிமேதான் சங்கடம் ஆரம்பிக்குது.

ஏழாம் பாகத்துலேர்ந்து இந்தப் படங்களை எடுக்கிறது மனுஷன் இல்லை. கம்பெனி ஒரு மெஷினை வச்சிருக்கு. அதோட முழுப் பேர் என் வாயில நுழையாது. எங்க தியேட்டர்ல நாங்க அதைத் தறின்னு சொல்லுவோம். ரசிகர்கள் எடுக்கிற படம், எழுதுற கதை, அவங்களுக்குள்ள போடுற வாக்குவாதம், எல்லாத்தையும் நூலா இழுத்துக்கும். எதைப் பார்த்து அதிகம் பேர் வாயைப் பிளக்குறாங்கன்னு கணக்குப் பண்ணி அடுத்த பாகத்தை நெய்யும்.

டப்பிங்கும் தலைகீழாப் போச்சு. முன்னே நாங்க உதட்டுக்கு வசனம் தேடினோம். இப்போ நாங்க பேசினா உதடு தேடிக்கிட்டு வருது. குரல்ல சிரிப்பு இருந்தா நடிகன் முகத்துல தறியே சிரிப்பை வச்சிடும். ஒரு இழை மாறினா அதைத் தொட்டு நிக்கிற இழையெல்லாம் மாறும். ஏழாம் பாகத்துல தளபதிக்குக் குரல் கொடுத்தவருக்கு அன்னிக்கு ஜலதோஷம், நடுவுல ஒரு தும்மல் தும்மிட்டார். நானும் கவனிக்காம ஒப்புதல் கொடுத்துட்டேன். தமிழ்ல மட்டும் தளபதி போர்க்களத்துல தும்முறார், பக்கத்துல நிக்கிற சிப்பாய் கைக்குட்டை எடுத்து நீட்டுறான். ஜனங்க கைதட்டினாங்க.

போன ஆடி மாசம் ஒன்பதாம் பாகத்தோட வசனம் வந்தது. தறியே தமிழ்ல மாத்தி அனுப்பியிருந்தது, நாங்க அதைச் சீர்படுத்தணும். வாயிலம்மா பேசுற இடத்துல "கண் வந்து சேர்ந்தது"ன்னு இருந்தது. விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினதும் சிரிப்பு நின்னுடுச்சு.

லியான்னு ஒன்பது வயசுப் பொண்ணு. அவ இருந்த கப்பல்ல எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. தனியா ஒரு சின்னப் படகுல தப்பிச்சுத் துறைமுகத்துக்கு வந்து, ரெண்டு கதவுக்கும் நடுவுல நிக்கிறா. வாயிலம்மா அந்த வசனத்தைச் சொல்லுது. வெளிக்கதவு திறக்குது. அந்தப் பொண்ணு வெட்டவெளியில போய் விழுந்து சாகுறா. கதை என்னன்னா, அந்த மெஷின் இத்தனை வருஷமா ரகசியமா ஆள் குறிச்சிக்கிட்டு இருந்ததாம். சாகவேண்டிய ஆளுக்கு அது வச்ச பேர்தான் "கண்". கீழே ஒரு குறிப்பு வேற: "இந்த மர்மத்தின் வேர் தமிழ் ரசிகர் படங்களில் உள்ளது. அவர்களைக் கௌரவிக்கும் விதமாக, தமிழ்ப் பதிப்பில் அவர்களுக்குப் பழக்கமான வசனத்தையே பயன்படுத்தவும்."

கௌரவிக்கிறாங்களாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி வாசல்ல எறிஞ்சிருப்பேன். போனை எடுத்து வசந்தமணிக்கு முழுசையும் வாசிச்சுக் காட்டினேன்.

கடைசி வரி வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "அண்ணா, அப்படீன்னா நான் பஸ்ல சொன்னது, அந்த நர்ஸ் புள்ளைக்குச் சொன்னது... அதுங்க எல்லாம் இதைப் பாக்குமுங்களே."

"ஆமாம்மா."

"நான் பேசமாட்டேனுங்க."

"பேசலைன்னா பொதுக்குரல் போட்டுடுவாங்க. மெஷின் குரல், தறி எழுதின 'கண் வந்து சேர்ந்தது'தான் அது சொல்லும். ஒரே மாதிரி இருக்கணும்னு பழைய எட்டுப் பாகத்துலயும் உங்க குரலை எடுத்துட்டு அதைத்தான் வைப்பாங்க. கம்பெனிகிட்ட தவிர வேற எங்கேயும் படம் கிடையாது. அப்புறம் 'வந்தாச்சா கண்ணு' உலகத்துலயே இருக்காது."

பேசினா அந்த வார்த்தை சாபமாயிடும். பேசலைன்னா அழிஞ்சு போயிடும். ரெண்டுல எது தேவலைன்னு என்னைக் கேட்டாங்க. நான் ரெக்கார்டிங் தேதியை மட்டும் சொல்லிட்டுப் போனை வச்சேன்.

ரெக்கார்டிங் அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு சாலிகிராமம் தியேட்டருக்குப் போனா, கேட் ஓரத்துல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. முப்பது வயசு, நீலச் சட்டை, சட்டைப்பையில ஸ்க்ரூ டிரைவர். என்னைப் பார்த்ததும் எழுந்துச்சு.

"சார், நான் பவானி பூங்கோதைங்க. லிஃப்ட் மெக்கானிக். வசந்தமணியம்மாவைப் பாத்து மன்னிப்புக் கேக்கணுமுங்க."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்தப் பொண்ணு படத்தைப் பார்த்துத்தானே இத்தனை நாள் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தேன்! உள்ளே கூட்டிட்டுப் போனேன். வசந்தமணி வந்து உக்காந்திருந்தாங்க. பூங்கோதை அவங்க முன்னாடி நின்னு, கையைப் பிசைஞ்சிக்கிட்டே ஒரே மூச்சுல கொட்டிடுச்சு.

"எல்லாம் என்னாலதானுங்கம்மா. எங்க படத்தை வெளிநாட்டு ரசிகர்க பாக்கற எடத்துல போட்டனுங்க. அடியில இங்கிலீஷ் வரி அதுவா போட்டுக்கும். கண்ணுங்கறதுக்கு 'ஐ'ன்னு போட்டுப்போட்டுதுங்க. பாக்கற கண்ணு, அந்த ஐ. நானும் சிரிச்சுட்டு உட்டுட்டேன். அப்புறம் ஒருத்தன் கேட்டானுங்க, 'இந்த ஐ யாரு, நெஜமாலுமே ஐதானா?'ன்னு. எனக்கு வெளக்கிச் சொல்ற அளவுக்கு இங்கிலீஷ் வராதுங்க. வேலையில வேற இருந்தேன். 'ஆமா, ஐதான்'னு போட்டு, ஒரு கண்ணு பொம்மையும் போட்டு உட்டுட்டேன். அவ்வளவுதானுங்க. ரெண்டு லட்சம் பேரு அதுக்குக் கதை கட்டிப்போட்டாங்க. ரகசியக் கூட்டம், சாவுக் குறின்னு. தறி அதைத்தானுங்களே எடுத்துக்கிச்சு?"

"அட கெரகமே"ன்னாங்க வசந்தமணி. "இதுக்கா பவானியிலிருந்து வந்தே?"

"நீங்க சொல்லிப் பழகின வார்த்தையை நான் கெடுத்துப்போட்டேனுங்களே." பொண்ணுக்கு உதடு துடிக்குது. "நான் ஹாஸ்டல்ல படிச்சவளுங்க. அப்பா அம்மா செங்கல் சூளையில, வருசத்துக்கு ஒருக்காதான் பாக்க முடியும். ஸ்கூல் உட்டு வந்தா, வந்தியான்னு கேக்க ஆளில்லை. ஹாஸ்டல் டீவியில உங்க படம் போட்டாங்க. என்னை மொதல்ல கண்ணுன்னு கூப்பிட்டது வாயிலம்மாதானுங்க. அப்புறம் லிஃப்ட் வேலைக்கு ஏன் போனேன்னு நெனைக்கறீங்க? கதவும் வெளக்கும் இருந்துதுங்க, அதான்."

வசந்தமணி பக்கத்து நாற்காலியைத் துடைச்சு, கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க.

அப்புறம் ரெக்கார்டிங் ஆரம்பிச்சோம். வசந்தமணி கடைசியில பேசவே முடிவு பண்ணியிருந்தாங்க. வார்த்தை கெட்டுப் போனாலும் பழைய எட்டுப் படத்துலயாவது உசுரோட இருக்கட்டும்னு அவங்க எண்ணம். மேற்பார்வைக்குன்னு மனுஷன் யாரும் கிடையாது. திரையில ஒரு மீட்டர், அதுக்கு மேல "மிரட்டல்"னு எழுதியிருக்கும். எண்பது சதவீதம் தொட்டா டேக் ஓகே.

முதல் டேக் முப்பத்தொண்ணு. இருபத்திமூணு வருஷமாப் பழகின நாக்கு, சட்டுனு திரும்புமா? ரெண்டாவது இருபத்தி எட்டு. மூணாவது டேக்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, பத்தொன்பதுக்கு இறங்கிடுச்சு. ஆறாவதுல தொண்டை கிழியக் கத்தினாங்க. பன்னிரண்டு! நேரம் கழிச்சு வந்த புள்ளையை அம்மா திட்டுற மாதிரி இருக்குன்னு தறி எழுதிக் காட்டுது. பதினோராவது டேக் முடிஞ்சப்போ வசந்தமணி தண்ணி பாட்டிலை மூடாமலே தரையில வச்சிட்டுச் சுவத்துல சாஞ்சுட்டாங்க. இவங்களை இப்படி நான் பார்த்ததே இல்லை. அழணும் போல இருந்தது எனக்கு.

"இன்னும் ஒரு டேக்தான் கொடுப்பாங்கம்மா. அப்புறம் பொதுக்குரல்தான்"னேன்.

"அண்ணா, படத்தை அணைங்க."

"படத்தைப் பார்க்காம எப்படி?"

"அணைங்கன்னா." அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த பூங்கோதையைப் பார்த்து, "நீ வெளிய போயி, இந்த ரூம்புக் கதவத் தொறந்துக்கிட்டு உள்ள வா"ன்னாங்க.

பூங்கோதைக்கு ஒண்ணும் புரியல. எழுந்து வெளியே போச்சு. குரல் அறையோட கனமான கதவைத் தள்ளித் திறந்து, பையைத் தோள்ல மாட்டினபடியே வாசப்படியில நின்னுச்சு. வசந்தமணி மைக்கைப் பார்க்கல. அந்தப் பொண்ணைப் பார்த்தாங்க. ஒரு நிமிஷம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பார்த்தாங்க.

"வந்தாச்சா கண்ணு?"

ஆயிரம் தடவை கேட்ட வசனம். முந்தி சொன்னதெல்லாம் மெஷின் சொன்னது. இதை வசந்தமணி சொன்னாங்க.

மீட்டர்ல பூஜ்யம். திரையில எழுத்து வந்தது: "உணர்வு பொருந்தவில்லை. பொதுக்குரலுக்கு மாற்றவா? குரலுக்கு ஏற்பப் படத்தை மாற்றவா?" அடியில என் பேர், என் ஒப்புதலுக்கு ஒரு கட்டம்.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். நான் தைரியசாலி கிடையாது. நாப்பது வருஷத்துல ஒரு தயாரிப்பாளர்கிட்டகூட எதிர்த்துப் பேசினதில்லை. அன்னிக்கும் தைரியம்னு ஒண்ணும் வந்துடல. மிஞ்சிப் போனா விளக்கோட நிறம் கொஞ்சம் மாறும், வசந்தமணி மனசுக்காவது ஆறுதலா இருக்கட்டும்னுதான் நினைச்சேன். படத்தை மாத்துன்னு அழுத்தினேன்.

தறி அரை மணி நேரம் எடுத்துக்கிச்சு. ஒரு விளக்கு நிறம் மாத்த இவ்வளவு நேரமான்னு அப்பவே எனக்கு உதைச்சுது. அப்புறம் காட்சியை ஓட்டிக் காட்டுச்சு.

லியா ரெண்டு கதவுக்கு நடுவுல நிக்கிறா. விளக்கு அஞ்சு தடவை மின்னுது. வெளிக்கதவு அசையல. உள்கதவு திறக்குது.

எனக்கு மெதுவாத்தான் உறைச்சது. முகம் இருந்திருந்தா, தறி அந்த அன்பை முகத்துல ஒரு புன்னகையா வச்சிட்டு, அதுபாட்டுக்குப் பொண்ணைக் கொன்னிருக்கும். வாயிலம்மாவுக்கு முகம் இல்லையே! அந்தக் குரலைக் கொண்டுபோய் வைக்க அதுக்கு வேற இடமே கிடைக்கல. இருந்தது ரெண்டு கதவு. பொண்ணு உள்ளே ஓடிவரல, ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில பிடிச்சிக்கிட்டு, களைச்சுப் போய் நடந்து வந்தா.

பூங்கோதை வாசப்படியிலயே உக்காந்து விக்கி விக்கி அழுதுச்சு. "எந்திரி, எந்திரி, தரையெல்லாம் வயரு"ன்னு வசந்தமணி அதட்டினாங்க. அவங்க முகமும் நனைஞ்சுதான் இருந்தது.

ஒரு இழை மாறினா மிச்சமும் மாறும்னு சொன்னேன் இல்லையா? செத்தவ பிழைச்சுட்டா, அவளுக்காக அடுத்து அழுற காட்சிகள் எல்லாம் என்ன ஆகும்? தறி விடிய விடிய நெய்து தமிழ்ப் படத்தை மட்டும் பதினோரு நிமிஷம் நீட்டிடுச்சு. கம்பெனியில யாரும் தமிழ்ப் பதிப்பைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. அப்படியே ரிலீஸ் ஆச்சு. மத்த எல்லா மொழியிலயும் லியா செத்தா, நம்மகிட்ட பிழைச்சா. பவானி தியேட்டர்ல உள்கதவு திறந்தப்போ ஜனங்க நாற்காலி மேல ஏறி நின்னாங்களாம்.

அஞ்சு நாள் ஓடுச்சு. அஞ்சாவது நாள் வெளிநாட்டு ரசிகர்கள், எங்க பொண்ணு மட்டும் ஏன் சாகணும்னு கம்பெனியைக் கேட்க ஆரம்பிச்சதும் அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே தமிழ்ப் பதிப்பை எடுத்துட்டாங்க. பொதுக்குரல் போட்டு, வெளிக்கதவைத் திறந்து, மறுபடியும் விட்டாங்க. பழைய எட்டுப் பாகத்துலயும் வசந்தமணி குரல் போச்சு. எங்க ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சதுன்னு ரெண்டு வரியில கடிதம் வந்தது. நாங்க ஜெயிச்சோம்னு பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இன்னிக்குப் புதுசாப் படம் பார்க்கிற குழந்தைக்கு வாயிலம்மா யாருன்னே தெரியாது.

நான் ரெண்டு வாரம் வீட்டுல சும்மா கிடந்தேன். ஒரு நாள் வசந்தமணி போன் பண்ணினாங்க. "ஏனுங்கண்ணா, படுத்தே கெடக்கறீங்களாமா? பவானிக்கு வாங்க. புள்ளை புதுப் படம் எடுக்குது."

போனேன். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே பழைய லிஃப்ட் கதவுகளை வச்சு ஒரு துறைமுகம். பூங்கோதை விளக்கு வயரை மாட்டிக்கிட்டு இருந்துச்சு. வசந்தமணி நேரடியாவே வந்து குரல் கொடுக்கிறாங்க. கம்பெனி ரசிகர் படங்களை மட்டும் தடுக்காது, அதை நிறுத்திட்டா தறிக்கு நூல் ஏது?

என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, அடியில வர்ற இங்கிலீஷ் வரிக்கு. இந்தத் தடவை மெஷினை நம்பாம நாமளே எழுதிப் போடுறதுன்னு முடிவு. நான் நாப்பது வருஷ அனுபவஸ்தன் இல்லையா, அரை மணியில முடிச்சிடுறேன்னு உக்காந்தேன். "கண்ணு"க்கு என்ன போட? அன்பேன்னா காதலன் பேசுற மாதிரி இருக்கு. குழந்தையேன்னா பெரியவங்களுக்கு ஒட்டாது. தங்கமே, உயிரே, எதைப் போட்டாலும் சினிமாத்தனம். சாயங்காலம் வரைக்கும் எழுதி எழுதி அடிச்சேன். மண்டை காஞ்சு போச்சு. மூணெழுத்து, ரெண்டு அசை, அதுக்குச் சமமா ஒரு வார்த்தை கண்டுபிடிக்க முடியலையேன்னு எனக்கு வெக்கமா இருந்தது.

"விட்டுடும்மா, என்னால ஆகாது"ன்னேன் பூங்கோதைகிட்ட. "அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லை. கூப்பிடுறவங்களுக்கு யார் வேணுமோ அவங்க பேர்தான் அதுக்கு அர்த்தம்."

பூங்கோதை ஏணியிலேர்ந்து இறங்கி வந்துச்சு. "சார், செல்லுல வெளம்பரம் வர்றப்போ நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுதுங்களே? பாக்கறவங்க பேரு அதுக்குத் தெரியுது. அந்த வரியில வார்த்தைக்குப் பதிலா அவங்கவங்க பேர் வர்ற மாதிரி வச்சுப்போடலாமுங்களா?"

நான் என் பேப்பரையெல்லாம் கிழிச்சுப் போட்டேன்.

படத்தைப் போட்ட மறுநாள் காலையில நாங்க மூணு பேரும் கொட்டகையில இருக்கிறப்போ முதல் கடிதம் வந்தது. எந்த நாடுன்னு தெரியல, பேரை எப்படி வாசிக்கிறதுன்னும் தெரியல. செல்போன்ல தமிழ்ல மாத்தி வசந்தமணிக்கு வாசிச்சுக் காட்டினேன். "நான் வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். தனியாக இருக்கிறேன். இன்று முழுவதும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உங்கள் கதவு கூப்பிட்டது. நன்றி."

பூங்கோதை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. நான் மூக்கை உறிஞ்சினேன், மானம் போனாப் போகுதுன்னு. வசந்தமணி மட்டும் செல்போனையே பார்த்துக்கிட்டு யோசிச்சிக்கிட்டு இருந்தாங்க.

"என்னம்மா?"

"இல்லீங்கண்ணா. அந்தப் புள்ளை சாப்டுச்சான்னு கேட்டு எழுதுங்க."

எழுதினேன்.